வெயில் கூடினால் மின்சாரம் குறைவது ஏன்? மாடியில் உள்ள சோலார் பேனலின் சூட்டைக் கணக்கிடும் முறை

சென்ற மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர் வரிசையில் குடியிருக்கும் அண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்து, ரிட்டயர் ஆகி, நாலு வருடத்துக்கு முன் காலமான அண்ணனின் மனைவி அவர். 35 வருடமாக நாக்பூர்வாசி. கணவர் போன பிறகும் சொந்த ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டவர். நோட்டில் தினசரி யூனிட் கணக்கை நாள் தவறாமல் எழுதி வைத்திருந்தார்.

"தம்பி, பிப்ரவரியில நாளைக்குப் பதிமூன்றரை யூனிட் வந்துச்சு. இப்போ பன்னிரண்டைத் தொட மாட்டேங்குது. வெயில் இப்போதானே ஜாஸ்தி? பேனல் கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தை அறிவித்தபின் நம் அன்பர்கள் பலர் மாடியில் பேனல் போட்டிருக்கிறார்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் அண்ணியும் ஃபேமிலி பென்ஷனில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துப் போட்டார். பூனாவில் வேலை பார்க்கும் மகன் இப்போது ஃபோனில் கோபமாக இருந்தான். "சித்தப்பா, மட்டமான பேனலை மாட்டி அம்மாவை ஏமாத்திட்டான். கடைசித் தவணை 20,000-ஐ நிறுத்தி வச்சிருக்கேன். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகப் போறேன்" என்றான். மாட்டிக் கொடுத்தவர் இந்த ஊர் இளைஞர், சிறிய அளவில் தொழில் செய்பவர். அவருக்கோ அந்த 20,000 வராமல் ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியவில்லை.

இரண்டு பக்கமும் என்னிடம்தான் வந்தார்கள். நான் மின்சாரப் படிப்புப் படித்தவன் அல்ல. சிவில் டிப்ளமா. ரயில்வேயில் 36 வருடம் பெர்மனென்ட் வே வேலை, அதாவது தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி. ஆனால் வெயிலில் கிடக்கும் ஒரு பொருள் எவ்வளவு சூடாகும் என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. அதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் மே மாதத்தில் எங்கள் பிழைப்பு.

வானிலை நிலையம் 44 டிகிரி என்று சொன்னால், அது நிழலில் உள்ள காற்றின் சூடு. காற்றோட்டத்துக்குச் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஆளின் மார்பு உயரத்தில் அளப்பது. அதே நேரத்தில் தண்டவாளம் 60-ஐத் தாண்டியிருக்கும். மூட்டில்லாமல் நீளமாக வெல்ட் செய்த தண்டவாளம் அந்தச் சூட்டில் நீள இடமில்லாமல் பக்கவாட்டில் வளைந்துவிடும் அபாயம் உண்டு. அதனால்தான் கோடையில் கேங்மேன்களை ரோந்துக்கு அனுப்புவோம். அதற்குக் காற்றின் சூட்டை நம்பியதில்லை. ஒரு துண்டுத் தண்டவாளத்தின் தலையில் குழி செய்து, பாதரசம் நிரப்பி, அதில் தெர்மாமீட்டரைச் செருகி வெயிலில் வைத்திருப்போம். அந்தத் துண்டு படும் பாட்டைத்தான் லைனும் படும்.

பேனல் விஷயமும் இதே ஜாதிதான். பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 550 வாட் என்று போட்டிருக்கும். அந்த 550 எந்த நிலையில் தெரியுமா? சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் விழ வேண்டும், உள்ளே இருக்கும் செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒரு நொடிகூட நீடிக்காத ஃபிளாஷ் விளக்கை அடித்து அளப்பதால் பேனலுக்குச் சூடாக நேரமே இல்லை. நம் மாடியில் முழு வெயிலும் 25 டிகிரி செல்லும் சேர்ந்து கிடைப்பது நடக்காத காரியம். ஆகவே சீட்டில் உள்ள வாட் பொய்யல்ல. ஆனால் நம் வீட்டு நிலைமைக்கானதும் அல்ல.

விழும் சூரிய ஒளியில் நூற்றுக்குச் சுமார் 20 பங்குதான் மின்சாரமாகிறது. கொஞ்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பிவிடும். மீதி, முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, வெறும் சூடாகவே தங்கும். அந்தச் சூடு முன்னும் பின்னும் காற்றில் கரைந்தாக வேண்டும். கரையும் வேகமும் சேரும் வேகமும் சமமாகும் இடத்தில் பேனலின் சூடு நிற்கும். சூடு ஏறினால் சிலிக்கன் செல்லின் வோல்டேஜ் இறங்கும். செல் ஒன்றுக்கு, டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். கரண்ட் கடுகளவு கூடும், ஆனால் நஷ்டத்தை ஈடுகட்டாது. மொத்தத்தில் வாட் எவ்வளவு இறங்கும் என்பதைக் கம்பெனியின் டேட்டா ஷீட்டிலேயே கொடுத்திருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் வந்த பேனல்களில் டிகிரிக்கு 0.40 சதவீதம் வரை, அண்ணி வீட்டு வகையில் 0.35, இப்போது வரும் டாப்கான் வகையில் 0.30-ஐ ஒட்டி. இந்த எண் சிறியதாக இருப்பது நல்லது. வாங்கும்போது எத்தனை பேர் இதைக் கேட்கிறோம்?

அதே டேட்டா ஷீட்டில் என்.ஓ.சி.டி. என்று இன்னொரு எண் இருக்கும். பெரும்பாலும் 43 முதல் 47-க்குள். வெளிச்சம் 800 வாட், காற்று 20 டிகிரி, காற்றின் வேகம் நொடிக்கு 1 மீட்டர், பின்புறம் திறந்த ஸ்டாண்டு என்ற நிலையில் பேனல் எவ்வளவு சூடாகிறது என்பதே அந்த எண். இந்த அளவு முறை 1970-களில் அமெரிக்காவில் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் சோலார் வேலைகளிலிருந்து வந்தது. புதிய ஷீட்டுகளில் இதற்குப் பதிலாக என்.எம்.ஓ.டி. என்று போட்டிருக்கலாம். பழைய அளவு பேனலை எதனுடனும் இணைக்காமல் எடுத்தது. புதியது மின்சாரம் எடுத்துக்கொண்டே எடுத்தது. அதனால் புதிய எண் இரண்டொரு டிகிரி குறைவாக இருக்கும். நம் கணக்குக்கு எதுவானாலும் பாதகமில்லை.

இனி கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடலாம். வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போடச் சொல்லுங்கள்.

அந்த எண்ணிலிருந்து 20-ஐக் கழியுங்கள். வருவதை 800-ஆல் வகுங்கள். அப்போது விழும் வெளிச்சத்தின் வாட்டால் பெருக்குங்கள். அதைக் காற்றின் வெப்பநிலையோடு கூட்டினால் செல்லின் சூடு.

நாக்பூரின் மே மாத நடுப்பகலை எடுத்துக்கொள்வோம். காற்று 44 டிகிரி. வெளிச்சம் 900 வாட். என்.ஓ.சி.டி. 45. 45-இல் 20 போனால் 25. அதை 800-ஆல் வகுத்து 900-ஆல் பெருக்கினால் 28. அதோடு 44 சேர்த்தால் 72 டிகிரி. 25-ஐவிட 47 அதிகம். 47-ஐ 0.35-ஆல் பெருக்கினால் பதினாறரை சதவீத நஷ்டம். 900 வாட் வெளிச்சத்துக்கு 550 வாட் பேனல் 495 கொடுக்க வேண்டியது, சூட்டினால் 413-தான் கொடுக்கும்.

இப்போது ஜனவரி நடுப்பகல். காற்று 25, வெளிச்சம் 850 என்று வைப்போம். செல்லின் சூடு 25-உடன் 26.6, அதாவது 51.6. நஷ்டம் ஒன்பதேகால் சதவீதம். பேனல் கொடுப்பது 424 வாட். வெளிச்சம் குறைந்தும் மின்சாரம் கூடியிருக்கிறது பாருங்கள். அண்ணியின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே கிடைத்துவிட்டது. பேனல் தின்பது வெளிச்சத்தை. வெயிலின் சூட்டை அல்ல. நமக்கு மே மாதம் தோல் உரிகிறது என்பதற்காகப் பேனலுக்கு விருந்து என்று அர்த்தமில்லை.

வெளிச்சத்தை அளக்கக் கருவி வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான், ஆனால் வீட்டுக் கணக்குக்குக் குத்துமதிப்பு போதும். மேகமே இல்லாத நடுப்பகல் 900 முதல் 1000. நிழல் விழுகிறது, ஆனால் ஓரம் மங்கலாக இருக்கிறது என்றால் 500, 600. நிழலே விழாத மூட்டமான நாளில் 100 முதல் 200. ஒரு மேகம் கடந்து போகும் நொடியில் அளந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளிச்சம் மாறினாலும் பேனலின் சூடு அதைப் பின்தொடரச் சில நிமிடங்கள் பிடிக்கும். கால் மணி நேரமாவது ஒரே மாதிரி வெயில் இருக்கும்போது பாருங்கள்.

காற்றின் வேகத்தை மேலே சொன்ன கணக்கு தனியாகச் சேர்க்கவில்லை. நொடிக்கு 1 மீட்டர் என்று அடக்கி வைத்திருக்கிறது. இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்தில் ஆராய்ச்சி செய்த டேவிட் ஃபைமன் என்பவர் 2008-இல் காற்றையும் சேர்த்து ஓர் எளிய கணக்கைக் கொடுத்தார். காற்று வேகத்தை 6.84-ஆல் பெருக்கி அதோடு 25-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை அந்த எண்ணால் வகுத்தால், காற்றைவிடப் பேனல் எத்தனை டிகிரி அதிகம் என்பது வந்துவிடும். 900 வாட், வேகம் 1 மீட்டர் என்று போட்டால் 28 டிகிரி. முந்தைய கணக்கோடு பொருந்துகிறது. வேகம் 3 மீட்டர் என்றால் 20 டிகிரிதான். காற்றே அசையாவிட்டால் 36. அதாவது அதே 44 டிகிரி நாளில் பேனல் 64-ஆகவும் இருக்கலாம், 80-ஆகவும் இருக்கலாம். பம்பாயில் கடற்காற்று அடிக்கும் மாடியில் இருக்கும் நம்மவர்களுக்கு இது இனாம். ஒரு எச்சரிக்கை: வானிலை நிலையம் சொல்லும் காற்று வேகம் 10 மீட்டர் கம்பத்தின் உச்சியில் அளந்தது. நெருக்கமான காலனியில் மாடி மட்டத்தில் அவ்வளவு கிடைக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் பின்புறம் திறந்த ஸ்டாண்டுக்கு. அண்ணி வீட்டு நிலைமை வேறு. நாக்பூரில் பல வீடுகளில் மொட்டை மாடிக்கு மேல் ஷீட் கொட்டகை போட்டிருப்பார்கள். அந்த ஷீட்டின் மேலேயே அலுமினியத் துண்டுகளைத் திருகி, அதன் மேல் ஆறு பேனல்களையும் படுக்க வைத்திருந்தார்கள். பேனலுக்கும் ஷீட்டுக்கும் இடையே என் கட்டை விரல்தான் நுழைந்தது. ஒரு அங்குலம்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேனல் மாட்டுவதற்கு முன் அண்ணி என்னிடம் கேட்டார். "உயரமா ஸ்டாண்டு போட்டா தனிக் காசாம் தம்பி, என்ன பண்ணட்டும்?" மழைக்கு முன் வரும் புழுதிப் புயலில் ஷீட் பறந்து போனதைப் பார்த்தவன் நான். "எதுக்கு அண்ணி, தாழ்வா இருந்தாத்தான் காத்துக்குப் பயமில்லை, காசும் மிச்சம்" என்றேன். காற்றின் பலத்தை யோசித்தேனே தவிரச் சூட்டை யோசிக்கவில்லை. தண்டவாளத்தின் சூட்டுக்காக 36 வருடம் அலைந்தவனுக்கு அது தோன்றாமல் போயிற்று. மகன் ஃபோனில் அந்த இளைஞரைத் திட்டியபோது எனக்குள் உறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஃபுயென்டஸ் என்பவர் 1987-இல் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. பேனலை எப்படி மாட்டியிருக்கிறோமோ அதற்கேற்ப அந்த என்.ஓ.சி.டி. எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும். கூரையிலிருந்து இடைவெளி 1 அங்குலம் என்றால் 11 டிகிரி கூட்டவும். 3 அங்குலம் என்றால் 2 கூட்டவும். 6 அங்குலம் என்றால் 1 கழிக்கவும். இடைவெளியே இல்லாமல் ஒட்டி மாட்டினால் 18 கூட்ட வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று அங்குலத்துக்குள் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். அதற்கு மேல் உயர்த்தி லாபம் அதிகமில்லை.

அண்ணி வீட்டுக்கு 45-உடன் 11, ஆக 56. அதில் 20 போனால் 36. 800-ஆல் வகுத்து 900-ஆல் பெருக்கினால் நாற்பதரை. 44-உடன் சேர்த்தால் எண்பத்து நாலரை டிகிரி! நஷ்டம் 21 சதவீதத்தைத் தொடுகிறது. பேனலுக்கு 392 வாட்.

கணக்கு மட்டும் போதாது, அளந்து பார்க்காமல் பேசக்கூடாது என்பது எங்கள் பழைய டிபார்ட்மென்ட் பழக்கம். நுனியில் மெல்லிய கம்பி உள்ள தெர்மோகப்பிள் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். துப்பாக்கி போல் பிடித்துக் காட்டும் கருவியைக் கண்ணாடியில் காட்டினால் வானத்தின் பிரதிபலிப்பையும் சேர்த்து அளந்து தவறாகச் சொல்லும். அதை நம்ப வேண்டாம். மெல்லிய கம்பியைக் குச்சியில் கட்டி இடைவெளிக்குள் விட்டுப் பேனலின் முதுகில் டேப்பால் ஒட்டினோம். அதிகாலையில், ஸ்விட்சை அணைத்த பிறகு. ஆறு பேனல் தொடராக இணைந்த வயரில் 300 வோல்ட் டி.சி. ஓடும், வெளிச்சம் இருக்கும் வரை அது சாகாது. தெரியாதவர்கள் வயர், கனெக்டர் எதையும் தொடக்கூடாது.

பன்னிரண்டே முக்காலுக்கு முதுகுச் சூடு 81. உள்ளே செல் அதைவிட 2, 3 டிகிரி அதிகம் இருக்கும் என்பது சாண்டியாகாரர்களின் அளவு. ஆக 84. கணக்கு எண்பத்து நாலரை. அண்ணியின் மகன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். இன்வெர்ட்டர் காட்டியது 2.2 கிலோவாட். ஆறு பேனலுக்கு 392 வாட் வீதம் 2,352. அதில் இன்வெர்ட்டரின் சொந்தச் செலவும் மேலே படிந்திருந்த புழுதியும் போக 2.2 சரியாகவே வருகிறது. "பேனல் மட்டமில்லை, ராஜா. சீட்டில் போட்டதைத்தான் கொடுக்குது, ஆனா அடுப்பு மேல உட்கார வச்சிருக்கோம்" என்றேன். ஸ்டாண்டைத் தாழ்வாகப் போடச் சொன்னது நான்தான் என்பதையும் அப்போதே அவனிடம் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் அவன் பேசவில்லை.

காணாமல் போன ஒன்றே முக்கால் யூனிட்டுக்கும் வெப்பம் மட்டும் பொறுப்பல்ல. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பேனலைக் கழுவினோம். அன்று 12.3 யூனிட் வந்தது. ஆக அரை யூனிட் புழுதி. பிப்ரவரி நடுப்பகலில் காற்று 30 டிகிரி, இப்போது 44. இந்த 14 டிகிரி வித்தியாசம் மட்டும் முக்கால் யூனிட்டைத் தின்றுவிடும். அதற்கு யாரும் பொறுப்பல்ல, எந்தக் கோர்ட்டும் திருப்பித் தராது. மீதி, மதியத்துக்கு மேல் கூடும் மேகமும் புழுதி மூட்டமும். ஒரு அங்குல இடைவெளியின் நஷ்டம் இதில் சேர்ந்ததல்ல. அது பிப்ரவரியிலும் இருந்தது. அப்போதே பதிமூன்றரைக்குப் பதில் பதினான்கு வந்திருக்க வேண்டும். யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அரை யூனிட்டுக்காகவா இவ்வளவு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குக் கவலை வேறு. டேட்டா ஷீட்டில் பேனல் வேலை செய்யலாம் என்று கொடுத்த எல்லை மைனஸ் 40 முதல் 85 டிகிரி. நாம் 84-இல் நிற்கிறோம், அதுவும் லேசான காற்று இருக்கும்போது. காற்று நின்றுவிட்டால் எல்லை தாண்டும். 25 வருட வாரண்டி என்று நம்பிப் போட்ட பொருளை வருடா வருடம் மே மாதம் எல்லையில் நிறுத்தி வைப்பது சரியல்ல. பின்புறத் தாளும் உள்ளே ஒட்டியிருக்கும் பசையும் சூட்டில்தான் வேகமாகக் கெடும்.

அந்த இளைஞரைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைக் காட்டினேன். நல்ல பிள்ளை, மறுக்கவில்லை. பேனலை 6 அங்குலம் தூக்கிவிடச் சம்மதித்தார். சாமானுக்கு 7,000 ரூபாய்ச் சொச்சம், ஆள் கூலி அவருடையது. பாதிப் பணம் என்னுடையது என்றேன். அண்ணி, "உங்க அண்ணன் இருந்தா வாங்குவாரா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். 20,000-ஐ மகன் அன்றைக்கே அனுப்பிவிட்டான். உயர்த்தியதால் புயலுக்குப் பிடி அதிகம் கிடைக்கும் என்பதும் உண்மைதான். அதனால் கால்களை ஷீட்டில் மட்டும் திருகாமல், ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கச் செய்தோம். போல்ட் முடுக்குவதை மட்டும் கிட்டவே நின்று பார்த்தேன். அது என் தொழில்.

ஜூன் முதல் வாரம் வேலை முடிந்தது. மழை இறங்குவதற்குள் நாலைந்து நல்ல வெயில் நாட்கள் கிடைத்தன. காற்று 43 டிகிரி இருந்த ஒரு பகலில் முதுகுச் சூடு 68. கணக்குப்படி செல் 70. நாளைக்கு 12.8 யூனிட் வந்தது. அண்ணி நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.

ஏற்கெனவே பேனல் போட்டவர்கள் மாடிக்குப் போய் இடைவெளிக்குள் கையை விட்டுப் பாருங்கள், காலை வேளையில். உள்ளங்கை முழுதும் அகலவாட்டில் நுழைந்தால் 3 அங்குலம் இருக்கிறது, கவலையில்லை. பின்புறம் கீழிருந்து மேலே காற்று போக வழி வேண்டும். பழைய வாளி, அட்டைப்பெட்டி, காய்ந்த இலை எதையும் அங்கே செருகி வைக்க வேண்டாம். சூட்டைத் தணிக்கிறேன் என்று நடுப்பகலில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணாடி விரிசல் விடும். இங்கே போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைக் கறையும் பிடிக்கும்.

தெர்மாமீட்டரைச் சங்க நூலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம். பாட்டரி தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.